சுண்டெலி நுரையீரலில் ஆன்டிஹிஸ்டமின்: சோதனை எப்படி நடக்கிறது, எங்கே தவறுகிறது

ஆய்வகச் சுண்டெலிக்கு ஒவ்வாமை ஆஸ்துமாவை உண்டாக்கி, ஒரு ஆன்டிஹிஸ்டமின் மருந்தை, அதாவது ஒவ்வாமையில் உடல் வெளியிடும் ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து, நுரையீரல் அழற்சி தணிகிறதா என்று பார்ப்பது மருந்தியலில் நன்கு பழகிப்போன சோதனை. ஈசினோஃபில் செல்கள் (ஒவ்வாமையில் பெருகும் ஒருவகை வெள்ளணுக்கள்) குறைந்தன, சளி குறைந்தது, இன்டர்லூக்கின் என்ற சமிக்ஞைப் புரதங்களின் அளவு இறங்கியது என்று சாதகமான முடிவுகள் அடிக்கடி வெளியாகின்றன. மனிதரிடம் நிலைமை வேறு. தும்மல், மூக்கொழுகல், தோல் தடிப்பு ஆகியவற்றுக்கு இந்த மருந்துகள் நன்றாகக் கேட்கும். ஆஸ்துமாவிலோ அவற்றுக்குப் பெரிய இடம் இல்லை. அங்கே அடிப்படை மருந்து உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுதான்.

எலிக்கும் மனிதருக்கும் உள்ள வேற்றுமை என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. அந்த வேற்றுமை எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்பது தெரிந்த விஷயம். அது தெரிந்திருந்தும் அதைக் கணக்கில் எடுக்காமல் சோதனை அமைக்கப்படும்போது, எண்களில் தெரியும் குறைவு ஹிஸ்டமினைத் தடுத்ததால் வந்ததா, வேறெதனாலோ வந்ததா என்று சொல்ல வழியில்லாமல் போகிறது.

எந்த விலங்கில் ஹிஸ்டமின் என்ன செய்கிறது

ஹிஸ்டமினின் உடலியல் விளைவுகளை 1910-இல் ஹென்றி டேலும் பேட்ரிக் லெயிட்லாவும் விவரித்தார்கள். அதைத் தடுக்கும் முதல் சேர்மங்களை 1937-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவேயும் ஆன்-மாரி ஸ்டாபும் கண்டறிந்தார்கள்; போவேக்கு 1957-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் பயன்படுத்திய விலங்கு கினிப்பன்றி. அதன் மூச்சுக்குழாய்த் தசை ஹிஸ்டமின் பட்டவுடன் கடுமையாகச் சுருங்கும். இந்த ஒரு குணத்தில் அது மனிதருக்கு மிக நெருக்கமானது.

சுண்டெலி அப்படியல்ல. அதன் மூச்சுக்குழாய்த் தசை ஹிஸ்டமினுக்கு ஏறக்குறைய அசைவதே இல்லை. அதன் மாஸ்ட் செல்கள் (ஹிஸ்டமினைச் சேமித்துவைக்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) ஹிஸ்டமினோடு செரோட்டோனினையும் தாராளமாக வெளியிடுகின்றன. குழாயைச் சுருக்கும் வேலையைப் பெரும்பாலும் செரோட்டோனின் செய்கிறது. ஆய்வகப் பெரிய எலியிலும் (rat) கிட்டத்தட்ட இதே நிலைதான். ஆகவே செரோட்டோனின் ஏற்பியையும் சேர்த்துத் தடுக்கும் சைப்ரோஹெப்டடின் போன்ற பழைய மருந்து ஒன்றைச் சுண்டெலிக்குக் கொடுத்து, மூச்சுத்திணறல் குறைந்ததைக் கண்டு, 'ஆன்டிஹிஸ்டமின் வேலை செய்தது' என்று எழுதினால் அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் இல்லை.

அப்படியானால் ஏன் எல்லோரும் சுண்டெலியையே எடுக்கிறார்கள்? அதன் மரபணுவை மாற்றலாம், அதற்கான எதிர்ப்பொருள்களும் அளவீட்டுக் கிட்களும் எளிதில் கிடைக்கின்றன, மருந்தும் குறைவாகச் செலவாகும். அழற்சியை, அதாவது எந்தச் செல் வந்தது, எந்த சைட்டோகைன் (செல்கள் அனுப்பும் சமிக்ஞைப் புரதம்) கூடியது என்பதைப் பார்க்க அது நல்ல விலங்கு. குழாய் சுருங்குவதில் ஹிஸ்டமினின் பங்கைப் பார்க்கக் கினிப்பன்றிதான் வேண்டும். ஒரே விலங்கில் இரண்டு கேள்விக்கும் விடை தேடும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

ஏற்பிகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஹிஸ்டமினுக்கு எச்1 முதல் எச்4 வரை நான்கு ஏற்பிகள் (செல்லில் அது ஒட்டும் புரதங்கள்) உண்டு. கடைகளில் விற்கும் ஒவ்வாமை மருந்துகள் எச்1-ஐத் தடுப்பவை. ஈசினோஃபில், மாஸ்ட் செல், டென்ட்ரிட்டிக் செல் ஆகியவற்றில் எச்4 இருக்கிறது; அதைச் செடிரிசின் வகை மருந்துகள் தொடுவதில்லை. எச்1-க்கும் அழற்சிக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எச்1 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளில் டி செல்கள் நுரையீரலுக்கு வந்து சேர்வது குறைகிறது, அழற்சியும் குறைகிறது. ஆகவே கேள்வி நியாயமானது. விடையைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பதில்தான் வேலை இருக்கிறது.

ஒவ்வாமையை உண்டாக்குவது

வழக்கமான மாதிரி முட்டை வெண்கருப் புரதமான ஓவல்புமினைக் கொண்டது. 6 முதல் 8 வாரப் பெண் பால்ப்-சி சுண்டெலிகளை எடுப்பார்கள். இந்த இனம் ஒவ்வாமை வகை எதிர்வினைக்கு எளிதில் சாயும். பெண்ணில் எதிர்வினை இன்னும் வலுவாக இருக்கும். 10 முதல் 20 மைக்ரோகிராம் ஓவல்புமினை 1 முதல் 2 மி.கி. அலுமினியம் ஹைட்ராக்சைடு ஜெல்லில் கலந்து, அரை மணி நேரம் மெதுவாகச் சுழலவிட்டு, புரதம் ஜெல்லில் ஒட்டியபின் 0.2 மி.லி. அளவில் வயிற்றறைக்குள் ஊசி போடுவார்கள். முதல் நாள் ஒன்று, 14-ஆம் நாள் ஒன்று. 21-ஆம் நாள் முதல் மூன்று நாள், நாளுக்கு 20 முதல் 30 நிமிடம், 1% ஓவல்புமின் கரைசலை நெபுலைசர் வழியாகப் பனியாக்கிச் சுவாசிக்கவைப்பார்கள். கடைசிச் சுவாசத்துக்கு 24 முதல் 48 மணி நேரம் கழித்து அளவீடு.

காகிதத்தில் இது எளிது. கெடுவதற்கு இடங்கள் பல. விற்பனைக்கு வரும் ஓவல்புமினில் பாக்டீரிய எண்டோடாக்சின் கலந்திருப்பது சகஜம். சிறிதளவு இருந்தால் அது ஒவ்வாமையைத் தூண்டிவிடும். அதிகமானால் எதிர்வினை திசைமாறி, ஈசினோஃபிலுக்குப் பதில் நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளணு வந்து குவியும். புதிய தொகுதி வாங்கும்போதெல்லாம் எண்டோடாக்சினைக் காட்டும் லிமுலஸ் சோதனை செய்து அளவைப் பதிவுசெய்யாத ஆய்வகத்தில், ஆறு மாதம் கழித்து அதே சோதனை வேறு முடிவு தரும்; காரணமும் பிடிபடாது. ஊசியில் புரதத்தோடு கலக்கும் அந்த அலுமினிய ஜெல்லிலும், ஆலம் என்ற பெயரில் விற்கப்படும் எல்லாம் ஒன்றல்ல. படிக வடிவ அலுமினியம் ஆக்சிஹைட்ராக்சைடும், மக்னீசியம் கலந்த படிகமற்ற வகையும் புரதத்தைப் பற்றும் விதம் வேறு, தூண்டும் எதிர்வினையின் வலுவும் வேறு. விலங்கின் தீவனத்தில் முட்டைப் புரதம் இருந்தால், குடல்வழிச் சகிப்பு உருவாகி ஒவ்வாமையே தோன்றாமல் போகலாம்.

நெபுலைசர் பெட்டியில் ஒரு நடைமுறைக் கண்ணி இருக்கிறது. ஒரு குழுவைக் காலையில் ஒரு சுற்றிலும், அடுத்த குழுவைப் பிற்பகலில் இன்னொரு சுற்றிலும் வைத்தால், பனியின் செறிவில் வரும் வேறுபாடு மருந்தின் விளைவுபோலத் தோன்றும். ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் குழுக்களிலிருந்தும் விலங்குகள் இருக்க வேண்டும். மூக்குவழிச் சொட்டு முறையில் வேறு சிக்கல்: லேசான மயக்கத்தில் 50 மைக்ரோலிட்டர் வரை கொடுத்தால் நுரையீரலுக்குப் போகும், 10 மைக்ரோலிட்டர் கொடுத்தால் பெரும்பாலும் மூக்கிலேயே நின்றுவிடும்.

ஆன்டிஹிஸ்டமின் சோதனைக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. ஆலம் கலந்து உண்டாக்கிய ஒவ்வாமையில் மாஸ்ட் செல்லின் பங்கு மிகச் சிறியது. மாஸ்ட் செல் இல்லாத சுண்டெலிகளிலும் இந்த மாதிரியில் ஈசினோஃபில்கள் வந்து குவிகின்றன. ஆலம் இல்லாமல், குறைந்த அளவு புரதத்தைப் பலமுறை ஊசி போட்டு உருவாக்கும் மாதிரியில் மாஸ்ட் செல் தேவைப்படுகிறது. ஹிஸ்டமினின் முக்கிய ஊற்றே மாஸ்ட் செல்தான். அது ஓரமாக நிற்கும் மாதிரியைத் தேர்ந்துகொண்டு ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தைச் சோதிப்பது தொடக்கத்திலேயே தவறு. இதைப் பொருட்படுத்தாத கட்டுரைகள் இன்னும் வருவது வருத்தமானது, ஏனெனில் ஒவ்வொன்றிலும் ஐம்பது, அறுபது உயிர்கள் செலவாகின்றன.

வீட்டுத் தூசி உண்ணிச் சாறு மனிதரின் ஒவ்வாமைக்கு இன்னும் அருகில் வருகிறது. ஆலம் வேண்டாம், வயிற்று ஊசி வேண்டாம். 25 மைக்ரோகிராம் புரதம் கொண்ட சாற்றை வாரத்தில் ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம் மூக்குவழி கொடுத்தால் போதும். ஓவல்புமினை நீண்ட நாள் சுவாசிக்கவைத்தால் உடல் அதற்குப் பழகி எதிர்வினை தணிந்துவிடுவதுண்டு. உண்ணிச் சாற்றில் எதிர்வினை வாரக்கணக்கில் நீடிப்பதால், நாட்பட்ட நோயைப் பார்க்க அது உதவும்.

மருந்தின் அளவு

உடல் மேற்பரப்பை வைத்து அளவை மாற்றும் வழக்கமான கணக்கின்படி, மனிதருக்கான மி.கி./கிலோ அளவை 12.3-ஆல் பெருக்கினால் சுண்டெலியின் அளவு கிடைக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2005 வழிகாட்டி தரும் எண் இது. 60 கிலோ எடையுள்ளவர் நாளுக்கு 10 மி.கி. செடிரிசின் எடுத்தால் அது கிலோவுக்கு 0.17 மி.கி.; சுண்டெலிக்குச் சுமார் 2 மி.கி./கிலோ. 20 கிராம் சுண்டெலிக்கு 0.04 மி.கி. அதை 0.2 மி.லி. திரவத்தில் கொடுக்க, கரைசல் மி.லி.க்கு 0.2 மி.கி. செறிவில் இருக்க வேண்டும். கட்டுரைகளில் 20 மி.கி./கிலோ போன்ற அளவுகளைப் பார்க்கலாம். அது மனிதருக்கு ஒரே நாளில் கிட்டத்தட்ட 100 மி.கி. கொடுப்பதற்குச் சமம்.

சுண்டெலியின் உடல் மருந்தை விரைவாக வெளியேற்றுவதால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். அதை நியாயப்படுத்த வேண்டியது இரத்தத்தில் அளந்த செறிவு. மனிதர் நாளுக்கு 10 மி.கி. செடிரிசின் எடுக்கும்போது இரத்தத்தில் உச்சச் செறிவு சுமார் 0.8 மைக்ரோமோலார்; அதில் 93% புரதத்தோடு ஒட்டியிருக்கும், கட்டற்று இருப்பது 0.06-க்கும் குறைவு. செல் வளர்ப்பில் 10 மைக்ரோமோலார் ஊற்றி 'அழற்சிப் பாதை அடங்கியது' என்று காட்டுவது, நோயாளியின் உடலில் கட்டற்று உலவும் அளவைப்போல 150 மடங்குக்கும் மேல். அந்த உயரத்தில் ஒரு மருந்து பல புரதங்களைத் தொடும்.

எனவே எந்தச் சோதனைக்கும் முன்னால் செய்ய வேண்டிய சிறு வேலை ஒன்று உண்டு. தேர்ந்தெடுத்த அளவை விலங்குக்குக் கொடுத்து, தோலில் சிறிது ஹிஸ்டமினை ஊசியால் இட்டு, இரத்த நாளத்தில் ஈவன்ஸ் நீலச் சாயத்தைச் செலுத்தி, தோலில் கசியும் சாயத்தை அளந்தால் எச்1 தடைபட்டதா, எத்தனை மணி நேரம் தடைபட்டது என்பது தெரிந்துவிடும். எச்1-ஐ முழுதாகத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு கிடைத்தபின், நுரையீரல் அழற்சி அதே அளவில் குறைகிறதா, அதைப்போல பத்து மடங்கில்தான் குறைகிறதா என்று பார்க்கலாம். பத்து மடங்கு தேவைப்பட்டால் காரணம் எச்1 அல்ல என்று சந்தேகிக்க வேண்டும்.

இதைவிடக் கூர்மையான சோதனையும் இருக்கிறது. செடிரிசின் இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்களின் கலவை. லெவோசெடிரிசின் எச்1-ஐ இறுகப் பற்றும். டெக்ஸ்ட்ரோசெடிரிசினின் பிடிப்பு ஏறத்தாழ முப்பது மடங்கு பலவீனமானது. இரண்டையும் ஒரே அளவில் கொடுத்து, இரண்டும் ஈசினோஃபிலை ஒரேமாதிரி குறைத்தால் விளைவு எச்1 வழியாக வரவில்லை. எச்1 நீக்கிய சுண்டெலியிலும் மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பது இதே கேள்விக்கான இன்னொரு வழி.

மருந்தை எப்போது கொடுக்கிறோம் என்பதும் விடையை மாற்றும். ஊசி போடும் நாள்களிலேயே தொடங்கினால் ஒவ்வாமை உருவாவதைத் தடுக்கிறோம். மனிதர் யாரும் ஒவ்வாமை வருமுன் மாத்திரை எடுப்பதில்லை. சுவாசிக்கவைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுப்பது பரவலான வழக்கம். அழற்சி நிலைபெற்றபின் தொடங்குவதே சிகிச்சைக்கு நெருக்கமானது. ஓர் உள்சோதனையும் இதில் கிடைக்கிறது: சுவாச நாள்களில் மட்டும் மருந்து கொடுத்திருந்தால், ஓவல்புமினுக்கான ஐஜிஇ (ஒவ்வாமை எதிர்ப்பொருள்) பெரிதாக மாறக்கூடாது, அது முன்பே உருவாகிவிட்டது. அது பாதியாகக் குறைந்திருந்தால் குழுப் பிரிப்பையோ ஊசியையோ மறுபடி பார்க்க வேண்டும்.

குழுக்கள் குறைந்தது இவை: ஒவ்வாமை இல்லாதவை, ஒவ்வாமை உண்டாக்கி, மருந்து சேர்க்காத வெறும் கரைப்புத் திரவம் மட்டும் பெற்றவை, மருந்தின் மூன்று அளவுகள், ஒப்பீட்டுக்கான ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் 1 மி.கி./கிலோ, ஒவ்வாமை இல்லாமல் மருந்து மட்டும் பெற்றவை. கடைசிக் குழுவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது ஏன் தேவை என்பது அளவீட்டில் தெரியும்.

அளவீடு

முதல் அளவீடு நுரையீரல் கழுவல். மயக்க மருந்தை மிகையாகக் கொடுத்து விலங்கை வலியின்றி முடித்தபின், மூச்சுக்குழலில் மழுங்கிய குழாயைச் செருகி நூலால் இறுகக் கட்டி, குளிர்ந்த பஃபர் 0.5 முதல் 0.8 மி.லி. வீதம் இரண்டு மூன்று முறை உள்ளே விட்டு மெதுவாக உறிஞ்ச வேண்டும். 80% திரும்ப வராத கழுவலில் கட்டு தளர்ந்திருக்கும் அல்லது குழாய் ஒரு பக்கம் மட்டும் போயிருக்கும். அந்த எண்ணிக்கையை நம்பக்கூடாது. சைட்டோகைனுக்கு முதல் கழுவலை மட்டும் தனியே வைப்பது நல்லது, பிந்தையவை அதை நீர்த்துவிடும். செல்களைக் கண்ணாடியில் சுழற்றிப் படியவைத்து, சாயமேற்றி, குறைந்தது 300 செல்களை எண்ண வேண்டும். எண்ணுபவருக்கு எந்தக் குழு என்று தெரியக்கூடாது. நலமான சுண்டெலியில் 95%க்கு மேல் மேக்ரோஃபேஜ்; ஒவ்வாமை உண்டானதில் பாதிக்கு மேல் ஈசினோஃபிலாக இருப்பது வழக்கம். விழுக்காட்டோடு மொத்த எண்ணிக்கையும் வேண்டும். நியூட்ரோஃபில் வந்து சேர்ந்தால் ஈசினோஃபில் ஒன்றுகூடக் குறையாமலே அதன் விழுக்காடு குறையும்.

திசுவும் வேண்டுமென்றால் இடது நுரையீரலின் குழாயைக் கட்டிவிட்டு வலதை மட்டும் கழுவ வேண்டும். கழுவிய மடலைச் சீவிப் பார்த்தால் செல்கள் அடித்துச் செல்லப்பட்டிருக்கும். இடதில் 25 செ.மீ. நீரழுத்தத்தில் ஃபார்மலின் நிரப்பி, 5 மைக்ரோமீட்டர் சீவல்கள் எடுத்து, அழற்சிக்கு ஒரு சாயமும் சளிச் செல்லுக்குப் பிஏஎஸ் சாயமும் ஏற்றுவார்கள். ஊதாமல் பதப்படுத்திய நுரையீரல் சுருங்கிக் கிடக்கும். அதில் எல்லாமே அழற்சிபோலத் தெரியும்.

மூச்சுக்குழாயின் மிகையுணர்வைப் பார்க்க, குழாயைச் சுருக்கும் மெத்தகோலினை 3 முதல் 50 மி.கி./மி.லி. வரை படிப்படியாகக் கூட்டிச் சுவாசிக்கவைத்து எதிர்ப்பை அளப்பார்கள். ஆன்டிஹிஸ்டமின் சோதனைகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். மெத்தகோலின் வேலை செய்வது மஸ்கரினிக் ஏற்பி வழியாக. டைஃபென்ஹைட்ரமின், ப்ரோமெத்தசின் போன்ற முதல் தலைமுறை மருந்துகள் அதே ஏற்பியை நேரடியாக அடைப்பவை. அழற்சி அப்படியே இருந்தாலும் வளைவு கீழே இறங்கும், மருந்து குணப்படுத்தியதுபோலத் தோன்றும். ஒவ்வாமையே இல்லாத விலங்குக்கு மருந்து மட்டும் கொடுத்து அதன் மெத்தகோலின் வளைவும் நகர்கிறதா என்று பார்த்தால் இது உடனே வெளிப்படும். அந்தக் குழு இல்லாத கட்டுரையில் இந்த வளைவை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது.

தூக்கம் இன்னொரு கண்ணி. தூங்கிவழியும் சுண்டெலி மெதுவாக மூச்சுவிடும், பெட்டியில் பனியைக் குறைவாக உள்ளிழுக்கும், ஒவ்வாமைப் பொருளும் குறைவாகவே நுரையீரலில் படியும். அழற்சி குறைந்ததற்கு அதுவே காரணமாகலாம். ஃபெக்ஸோஃபெனடின்போல மூளைக்குள் அதிகம் நுழையாத மருந்தை ஒப்பிட்டால் இதைப் பிரித்தறியலாம்.

பெட்டிக்குள் விலங்கை உலவவிட்டு அழுத்த மாற்றத்தால் கணக்கிடும் பென்எச் அளவை மட்டும் நம்பியிருக்கும் முடிவுகளையும் தள்ளிவைக்கலாம். அது மூச்சின் வேகத்தாலும் வடிவத்தாலும் மாறும், குழாயின் எதிர்ப்பை நேரடியாக அளப்பதில்லை. வாய்வழிக் குழாயால் மருந்து கொடுக்கும்போது ஒரு துளி நுரையீரலுக்குள் போனாலும் நியூட்ரோஃபில் ஏறும் என்பதால், மருந்து கொடுப்பவரின் கை பழகியிருக்க வேண்டும்.

எண்ணிக்கை விஷயத்தில் நேர்மையான கணக்கு இது: சிதறல் சராசரியின் 40% என்றால், 50% குறைவைக் கண்டுபிடிக்கக் குழுவுக்கு 11 அல்லது 12 விலங்கு வேண்டும். 25% குறைவைக் கண்டுபிடிக்க 40-க்கும் மேல். ஐந்து விலங்குகளை வைத்து 'விளைவு இல்லை' என்றோ 'கொஞ்சம் குறைந்தது' என்றோ சொல்வது பயனற்றது; அந்த ஐந்தும் வீணாகப் போனவை. முதன்மை அளவீடு எது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ஒரே கூண்டில் வாழும் விலங்குகள் குடல் நுண்ணுயிர்களைப் பகிர்ந்துகொள்வதால், ஒரு கூண்டு முழுவதையும் ஒரே குழுவாக்கினால் கூண்டின் வேறுபாடு மருந்தின் கணக்கில் சேர்ந்துவிடும்.

கினிப்பன்றிச் சோதனையில் கூடுதல் பொறுப்பு உண்டு. ஹிஸ்டமின் பனியில் அது திணறத் தொடங்கும் நேரத்தை அளப்பார்கள். திணறலின் முதல் அறிகுறியிலேயே வெளியே எடுத்துக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும், சாய்ந்து விழும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. அந்த முதல் அறிகுறியின் நேரமே போதிய தரவு. மருந்துகளைச் சேர்த்துச் சோதிக்கவும் இந்த விலங்கு பொருத்தமானது, ஏனெனில் மனிதரைப்போலவே இதிலும் ஹிஸ்டமினோடு லுகோட்ரையீன்கள் என்ற அழற்சிப் பொருள்களும் குழாயைச் சுருக்குகின்றன. ஒவ்வாமைப் பொருளைச் சுவாசித்த ஆஸ்துமா நோயாளிகளிடம் லோராடடின் என்ற ஆன்டிஹிஸ்டமினையும் லுகோட்ரையீனைத் தடுக்கும் ஸஃபிர்லுகாஸ்ட்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, தனித்தனியாகக் கொடுத்ததைவிட அதிகத் தடை கிடைத்தது.

எச்4 தடுப்பான்களின் கதையும் பார்க்க வேண்டியது. சுண்டெலியில் அவை ஈசினோஃபிலையும் ஒவ்வாமை சைட்டோகைன்களையும் குறைத்தன. கருதுகோளும் எச்1-ஐவிட வலுவாக இருந்தது. ஆனால் டோரெஃபோரன்ட் என்ற எச்4 தடுப்பானைக் கட்டுக்குள் வராத ஈசினோஃபில் ஆஸ்துமா நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் தெரியவில்லை. சுண்டெலி மாதிரிகளில் மருந்து பெரும்பாலும் அழற்சி தொடங்குமுன் கொடுக்கப்படுகிறது. நோயாளியிடம் அழற்சி ஆண்டுக்கணக்கில் ஊறியிருக்கிறது. புதிதாக ஒரு ஆன்டிஹிஸ்டமினைச் சோதிப்பவர் உண்ணிச் சாற்று மாதிரியில் மூன்றாம் வாரத்துக்குப் பின் மருந்தைத் தொடங்கி, எச்1-ஐத் தடுக்கும் மிகக் குறைந்த அளவையும் அதைப்போல ஐந்து மடங்கையும் அருகருகே வைத்து, பலவீனமான பிம்ப வடிவம் கிடைக்குமானால் அதையும் ஒரு குழுவாகச் சேர்த்தால், முடிவு எந்தப் பக்கம் விழுந்தாலும் அடுத்தவர் அதன்மேல் நின்று வேலை செய்யலாம்.